மழையோடு வாழக் கற்ற நகரம்



மழை பெய்தால் மழையைக் குறை கூறுவதும், வெயில் காய்ந்தால் வெயிலைக் குறை கூறுவதும் உலகம் எங்கும் மக்களுக்கு உள்ள வழக்கம். வானம் சற்றே கறுத்ததும், "நாளைக்குப் பள்ளி உண்டா?" என்று கேட்கும் வழக்கமும் நம்மிடையே உண்டு. முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்த எனக்கு அந்தக் கேள்வியின் இனிமை நன்றாகத் தெரியும். ஆனால் ஆண்டில் பாதி நாளுக்கு மேல் மழை பெய்யும் ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்க இயலுமா? கேட்டால் அங்கே பள்ளி என்று ஒன்று நடக்குமா? உழவும் மீன்பிடிப்பும் வாணிகமும் நடக்குமா?

அப்படிப்பட்ட ஊர் ஒன்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். நார்வே நாட்டின் மேற்குக் கரையில் உள்ள பெர்கன் நகரம் அது. என் மகள் அந்நகரில் பணிபுரிகிறாள். அவள் இல்லத்தில், ஓர் ஆவணித் திங்களின் இறுதி தொடங்கித் தைத் திங்கள் வரையில் தங்கியிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நான் கண்டவற்றையும், கண்டவற்றால் தூண்டப்பெற்றுக் கற்றவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் நிலப்படத்தை விரித்துக்கொள்வோம். பெர்கன் ஏறத்தாழ வட அட்சம் 60 பாகையில் இருக்கிறது. அதே அட்சக் கோட்டின் வழியே மேற்கு நோக்கிச் சென்றால், கிரீன்லாந்தின் தென்முனையை அடைவோம். அங்கே பனிப்பாறைகள் மிதக்கின்றன. பெர்கன் துறைமுகமோ குளிர்காலத்திலும் உறைவதில்லை. ஜனவரித் திங்களில்கூட அந்நகரின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குச் சற்று மேலேயே நிற்கிறது. ஒரே அட்சத்தில் இவ்வளவு வேற்றுமை எப்படி வந்தது? அட்லாண்டிக் மாகடலின் வெப்பமான பகுதிகளிலிருந்து வடகிழக்காகப் பாய்ந்து வரும் நீரோட்டமும், அதன் மேல் தவழ்ந்து வரும் மேல்காற்றுமே காரணம். கடல் சுமந்து வந்த வெப்பத்தைக் காற்று கரைக்கு எடுத்து வருகிறது.

ஆனால் அக்காற்று வெப்பத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. நீராவியையும் சுமந்து வருகிறது. நகரைச் சுற்றி ஏழு மலைகள் நிற்கின்றன என்பது அங்குள்ளோர் பெருமையுடன் சொல்லும் செய்தி. அவற்றுள் உயரமானது உல்ரிக்கன். 643 மீட்டர் உயரம். நம் நீலகிரியோடு ஒப்பிட்டால் இது சிறு குன்றுதான். எனினும் ஈரக்காற்றைத் தடுத்து மேலே ஏற்ற இதுவும், இதற்குப் பின்னால் உள்ள நெடிய மலைத்தொடரும் போதும். மேலேறிய காற்று குளிர்கிறது. குளிர்ந்த நீராவி மழையாகிறது. இதனால் பெர்கன் ஆண்டுதோறும் 2,300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறுகிறது. மலைத்தொடருக்குக் கிழக்கே, மழை மறைவில் ஒதுங்கியுள்ள சில பள்ளத்தாக்குகளில் பெய்வதோ 300 மில்லிமீட்டர் அளவுதான். ஒரே நாட்டின் இரு பக்கங்களில் இத்தனை வேறுபாடு!

சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி சில வாரங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். பெர்கனின் மழை அப்படியன்று. ஆண்டில் இருநூறு நாட்களுக்கு மேல் அது பரந்து கிடக்கிறது. 2006-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் தொடங்கிய மழை, 2007-ஆம் ஆண்டு ஜனவரி 21 வரை, ஒரு நாளும் விடாமல் 85 நாட்கள் பெய்ததாகப் பதிவு உண்டு. அந்தி மழை அழுதாலும் விடாது என்பது நம் ஊர்ப் பழமொழி. அங்கே அந்தி, சந்தி, நண்பகல் எல்லா மழையும் அப்படித்தான்.

மழை மிகுதி என்பதைக் காட்டிலும், வானிலை நொடிக்கு நொடி மாறுவதே புதிதாக வந்தவனைத் திகைக்க வைக்கிறது. காலையில் எழுந்து சன்னலைத் திறந்தால் தெளிந்த நீல வானம். காலைச் சிற்றுண்டி முடிவதற்குள் மேற்கே, பறவையின் இறகைப் போன்ற மெல்லிய கீற்று முகில்கள். சிறிது நேரத்தில் ஞாயிற்றைச் சுற்றி ஒரு வெண் திரை. நண்பகலில் விடாத தூறல். மாலையில் காற்றுத் திசை மாறி, ஒரு பெருமழை சடசடவென்று கொட்டி ஓய்கிறது. அது ஓய்ந்தவுடன் வானம் கழுவிவிட்டாற்போலத் தெளிந்து, குளிர் மிகுந்து, மலைச்சரிவில் வானவில் ஒன்று தோன்றுகிறது. இவ்வளவும் ஒரே நாளில்!

இத்தகைய வானத்தின் கீழ் மக்கள் எவ்வாறு வாழ்கிறார்கள்? நான் கண்ட அளவில், அவர்கள் மூன்று காவல்களை அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதலாவது உடுப்பு, இரண்டாவது அறிவு, மூன்றாவது அடக்கம். இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

உடுப்பைப் பற்றி அந்நாட்டில் ஒரு முதுமொழி வழங்குகிறது. கெட்ட வானிலை என்று ஒன்று இல்லை, கெட்ட உடைதான் உண்டு என்பது அதன் பொருள். வானிலைக்கும் உடைக்கும் உரிய சொற்கள் அவர்கள் மொழியில் எதுகை பெற்று நிற்பதால், சிறு குழந்தையும் அதை எளிதில் சொல்லிவிடும். அந்த முதுமொழி வாழ்க்கையாக நடப்பதை நான் கண்ட இடம், என் பேரன் படிக்கும் குழந்தைப் பள்ளி.

ஒரு நாள் காலையில் அவனை அழைத்துக்கொண்டு அங்கே சென்றேன். வெளியே மழை. உள்ளே நுழைந்ததும், வரிசையாக முளைகள் அடித்த ஒரு நீண்ட கூடம். ஒவ்வொரு முளைக்கும் மேலே ஒரு குழந்தையின் பெயர், முளையில் மழையுடை, கீழே முழங்கால் வரை வரும் ரப்பர்க் காலணி, பக்கத்துப் பெட்டியில் மாற்று உடை, கம்பளிக் காலுறை, கையுறை. ஒரு மூலையில், ஈர உடைகளை வெப்பக் காற்றால் உலர்த்தும் அலமாரி ஒன்று நின்றது. சிறிது நேரத்தில் குழந்தைகள் அனைவரும் மழையுடை அணிந்து முற்றத்துக்கு ஓடினார்கள். குட்டைகளில் குதித்தார்கள், சேற்றில் வாய்க்கால் வெட்டினார்கள், வாளியில் மழைநீரைப் பிடித்து மண் 'சமையல்' செய்தார்கள்.

எனக்குள் இருந்த பழைய தலைமையாசிரியன் சும்மா இருப்பானா? "இந்த மழையிலுமா வெளியே விடுகிறீர்கள்?" என்று அங்கிருந்த ஆசிரியையைக் கேட்டேன். என் மகள் மொழிபெயர்த்துச் சொன்னாள். அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே, "மழை நிற்கட்டும் என்று காத்திருந்தால் இவர்கள் எப்போது விளையாடுவார்கள்?" என்றார். அந்த விடையில் ஒரு கல்விக் கொள்கையே அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மழையில் நனையவிடுவது அவர்கள் கொள்கை அன்று. மழையில் நனையாமல் இருக்கத் தெரிந்துகொள்ளச் செய்வதே கொள்கை. மூன்று வயதுக் குழந்தை தன் கையுறையைத் தானே தேடி எடுக்கிறது; தன் காலணியைத் தானே முளைக்குக் கீழ் வைக்கிறது. எழுத்து கற்பதற்கு முன்பே ஆயத்தம் கற்றுவிடுகிறது.

உடுப்பிலும் ஒரு முறை இருக்கிறது. தடித்த உடை ஒன்றை அணிவதைவிட, மெல்லிய உடைகள் பலவற்றை அடுக்காக அணிவதே சிறந்தது என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. உடலை ஒட்டிக் கம்பளி. அது சற்று ஈரமானாலும் வெப்பத்தைக் காக்கும். அதன் மேல் காற்றைத் தேக்கி வைக்கும் ஓர் இடையுடை. எல்லாவற்றுக்கும் மேல் நீரையும் காற்றையும் தடுக்கும் புறவுடை. வெயில் வந்தால் ஒன்றைக் களையலாம். குளிர் வந்தால் ஒன்றைச் சேர்க்கலாம். வானம் மாறும்போது உடலும் உடன் மாற இது வழி செய்கிறது. குடையைப் பெரிதும் நம்புவதில்லை. அங்கே வீசும் காற்று குடையை நொடியில் மலர்ந்த தாமரையாக்கிவிடும்.

இந்தப் புறவுடைக்கும் ஒரு வரலாறு உண்டு. நார்வேக் கப்பல் தலைவர் ஒருவர், ஹெல்லி யூல் ஹான்சன் என்பவர், பல ஆண்டுகள் கடலில் நனைந்து நடுங்கியவர். அவர் 1877-ஆம் ஆண்டில், மாஸ் என்னும் துறைமுக ஊரில், தம் மனைவியுடன் சேர்ந்து, முரட்டு லினன் துணியை ஆளிவிதை எண்ணெயில் தோய்த்து நீர் புகாத உடைகள் செய்யத் தொடங்கினார். மாலுமிகளும் மீனவர்களும் அவற்றை விரும்பி வாங்கினர். குளிரில் நனைந்த உடல் விரைவில் தளர்ந்துவிடும். தளர்ந்த கை கயிற்றை விட்டுவிடும். கயிற்றை விட்ட கை கடலுக்கு இரையாகிவிடும். ஆதலின் அந்த எண்ணெய்த் துணியை வெறும் வசதிப் பொருள் என்று கருதக் கூடாது. அது உயிர் காத்த பொருள்.

வானிலையைத் தடுப்பதோடு நில்லாமல், அதை வேலை வாங்கவும் அந்நாட்டார் அறிந்திருந்தார்கள். வடக்கே லோஃபோட்டன் தீவுகளில், குளிர்காலத்தில் பிடிக்கும் காட் மீனை இரண்டிரண்டாகக் கட்டி மரச் சட்டங்களில் தொங்கவிடுகிறார்கள். பிப்ரவரி முதல் மே வரை அது காற்றிலேயே உலர்கிறது. நாம் கருவாட்டுக்கு உப்பிடுவோம். அவர்கள் இந்த மீனுக்கு உப்பும் இடுவதில்லை. கடுங்குளிர் என்றால் மீன் உறைந்து கெடும். வெப்பம் என்றால் அழுகிவிடும். உறைநிலையை ஒட்டியே தயங்கி நிற்கும் அந்தக் கடற்கரை வானிலைதான் அதைப் பதமாக்குகிறது. இந்த உலர்மீனை ஐரோப்பாவெங்கும் விற்றே பெர்கன் நகரம் செழித்தது. 14-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய வணிகர் அங்கே பண்டசாலை அமைத்துத் தங்கினர். அவர்கள் காலத்து அமைப்பிலேயே பின்னர்க் கட்டப்பட்ட மர வீடுகளின் வரிசையைத் துறைமுகத்தில் இன்றும் காணலாம்.

இனி இரண்டாவது காவலுக்கு வருவோம். கரையில் இருப்பவனுக்கு நல்ல உடுப்பு போதும். கடலுக்குச் செல்பவனுக்கு அது போதுமா? போதாது என்பதற்கு 1899-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் சான்று. ஃப்ரோயா தீவில் டிட்ரான் என்றொரு மீனவர் ஊர். அக்டோபர் 13-ஆம் நாள் மாலையில், கடல் அமைதியாக இருந்தது என்று நம்பி, ஹெர்ரிங் மீனுக்காகப் படகுகள் புறப்பட்டன. இரவில் எதிர்பாராத புயல் எழுந்தது. பொழுது விடிவதற்குள் 140 மீனவர்கள் மாண்டார்கள். அவர்கள் கடலை அறியாதவர்கள் அல்லர். தலைமுறை தலைமுறையாகக் கடலிலே வாழ்ந்தவர்கள். ஆனால் அடிவானத்துக்கு அப்பால் என்ன வந்துகொண்டிருக்கிறது என்பதை எந்தக் கண்ணாலும் காண இயலாது. அதைக் காண வேறு கண் வேண்டும்.

அந்தக் கண்ணைத் தேடியவர்களுள் தலையாயவர் வில்ஹெம் பியர்க்னஸ் என்ற நார்வே அறிஞர். அவர் பௌதிக நூல் வல்லவர். காற்றும் ஒரு பொருள்தானே, அதுவும் இயக்க விதிகளுக்கும் வெப்ப விதிகளுக்கும் உட்பட்டதுதானே, இன்றைய நிலையைத் துல்லியமாக அளந்தால் நாளைய நிலையைக் கணக்கிட முடியாதா என்று 1904-ஆம் ஆண்டிலேயே அவர் கேட்டார். ஜெர்மனியில் லைப்சிக் நகரில் பேராசிரியராக இருந்த அவர், முதல் உலகப் போரின் நடுவே, 1917-ஆம் ஆண்டில் பெர்கனுக்கு வந்து சேர்ந்தார்.

அப்போது நார்வேயின் நிலை இரங்கத் தக்கதாக இருந்தது. அந்நாடு போரில் சேரவில்லை. எனினும் போர் அதை விடவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய தானியம் குறைந்தது. உள்நாட்டு விளைச்சலை ஒரு மணியும் வீணாகாமல் காக்க வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. அறுவடை நாளில் மழை வருமா என்று உழவனுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். ஆனால், கடலுக்கு அப்பால் இருந்து வழக்கமாக வரும் வானிலைத் தந்திச் செய்திகளோ போர் காரணமாக நின்றுவிட்டன. மேற்கிலிருந்து வருவதே அந்நாட்டு வானிலை. அந்த மேற்குத் திசையே இருண்டுவிட்டது.

பியர்க்னஸ் என்ன செய்தார்? தொலைவிலிருந்து செய்தி வராவிட்டால் அருகிலேயே செறிவாகப் பார்ப்போம் என்று முடிவு செய்தார். 1918-ஆம் ஆண்டுக் கோடையில், மேற்குக் கரை நெடுகிலும் முன்பு இருந்ததைப் போலப் பல மடங்கு நோக்கு நிலையங்களை ஏற்படுத்தினார். அவற்றில் இருந்து பார்த்தவர்கள் பெரிய பட்டதாரிகள் அல்லர். கலங்கரை விளக்கக் காவலர்களும், மீனவர்களும், கடலோரத்து எளிய மக்களுமே. காற்று எத்திசை, முகில் எத்தகையது, அழுத்தம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று குறித்த நேரத்தில் பார்த்து, பெர்கனுக்குச் செய்தி அனுப்பினார்கள். அங்கே அவற்றை நிலப்படத்தில் குறித்து ஆராய்ந்து, உழவர்களுக்குத் தொலைபேசி வாயிலாக முன்னறிவிப்பு அனுப்பப்பட்டது.

இவ்வாறு பசி தீர்க்கத் தொடங்கிய பணி, பெரிய கண்டுபிடிப்பில் முடிந்தது. நெருக்கமாகக் குறித்த அந்தப் படங்களில், காற்றும் மழையும் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கவில்லை. தெளிவான கோடுகளை ஒட்டியே அமைந்திருந்தன. வடதுருவத்திலிருந்து வரும் குளிர்ந்த, கனத்த காற்றும், தெற்கிலிருந்து வரும் வெப்பமான, இலேசான காற்றும் எதிர்ப்படும் எல்லைகள் அவை. வெப்பக் காற்று முன்னேறும்போது, குளிர்க்காற்றின் மேல் சாய்தளத்தில் ஏறுவதுபோல் மெல்ல ஏறுகிறது. நெடுநேரத் தூறல் பெய்கிறது. குளிர்க்காற்று முன்னேறும்போது, வெப்பக் காற்றின் அடியில் ஆப்புப்போல் நுழைந்து அதைத் திடீரெனத் தூக்குகிறது, பெருமழை கொட்டுகிறது. நான் முன்பு சொன்ன அந்த ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். கீற்று முகிலும் வெண் திரையும் தூறலும் வெப்பக் காற்றின் வருகை. மாலைப் பெருமழையும் அதன்பின் வந்த தெளிவும் குளிர்க்காற்றின் வருகை. குழப்பமாகத் தோன்றிய நாளுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது!

அந்த எல்லைகளுக்குப் போர்முனையைக் குறிக்கும் சொல்லையே பெயராக இட்டார்கள். உலகப் போரின் செய்திகள் காதில் ஒலித்துக்கொண்டிருந்த காலம் அல்லவா? நம் பாடநூல்களில் அவற்றை வளிமுகங்கள் என்கிறோம். நகரும் புயற்சுழிகளின் அமைப்பை விளக்கி 1919-ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டவர் வில்ஹெமின் மகன் யாக்கப் பியர்க்னஸ். அப்போது அவருக்கு வயது 21. அவருடன் உழைத்த ஹால்வோர் சோல்பெர்க், சுவீடன் நாட்டவரான டோர் பெர்கிரோன் முதலியோரும் இளைஞர்களே. கல்லூரி மாணவர்களே, இந்த வயதைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்று உலகம் எங்கும் வானிலைப் படங்களில் வரையப்படும் நீலக் கோடும் சிவப்புக் கோடும், மழை பெய்யும் ஒரு சிற்றூரில் சில இளைஞர் கண்ட உண்மையின் அடையாளங்கள்.

இந்த அறிவின் பயன் என்ன? 1992-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று, நார்வேயின் வடமேற்குக் கரையைக் கடும் புயல் ஒன்று தாக்கியது. அந்நாடு கண்ட மிகக் கொடிய புயல்களுள் அது ஒன்று. கூரைகள் பறந்தன, காடுகள் சாய்ந்தன. ஆனால் நார்வேயில் உயிரிழந்தவர் ஒருவரே. புத்தாண்டு விடுமுறையாதலால் மக்கள் வீட்டில் இருந்ததும் ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. எனினும் 140 எங்கே, ஒன்று எங்கே? கடல் திருந்தவில்லை, காற்று இரக்கம் கொள்ளவில்லை. இடையில் மனிதன் கற்றுக்கொண்டான். இன்று அந்நாட்டு வானிலை நிறுவனமும் பொது ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து, 2007-ஆம் ஆண்டு முதல் இணையத்தின் வழியே முன்னறிவிப்புகளை எல்லோருக்கும் இலவசமாக வழங்குகின்றன. அச்சேவைக்கு அவர்கள் இட்ட பெயருக்குத் தூறல் என்பது பொருள். வீட்டை விட்டுப் புறப்படுமுன் அதைப் பார்ப்பது, நாம் செருப்பு அணிவதுபோல் அவர்களுக்கு இயல்பாகிவிட்டது.

ஆனால் உடுப்பும் அறிவும் இருந்தால் மட்டும் போதுமா? 2005-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், மழைக்கே பழகிய பெர்கன் நகரில், ஒரே நாளில் 150 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மலைச்சரிவு ஒன்று பெயர்ந்து வீடுகளின் மேல் விழுந்தது, மூவர் உயிரிழந்தனர். பழக்கம் என்பது ஒரு காவல். அதுவே சில வேளைகளில் கண்ணை மறைக்கும் திரையும் ஆகும். 'இந்த மழையை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்' என்ற எண்ணமே ஆபத்து. இங்கேதான் மூன்றாவது காவலாகிய அடக்கம் தேவைப்படுகிறது.

நார்வே மக்கள் மலையேறுவதில் பெருவிருப்பம் உடையவர்கள். 1868-ஆம் ஆண்டிலேயே மலைநடைச் சங்கம் ஒன்றைத் தொடங்கியவர்கள். மலையில் வானிலை சமவெளியைவிட விரைவாக மாறும். வெயிலில் புறப்பட்டவன் பனிப்புயலில் சிக்கிக்கொள்வதுண்டு. ஆதலின் மலையேறுவோருக்கென்று சில விதிகளை வகுத்தார்கள். 1967-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் பலர் உயிரிழந்தபின், அவ்விதிகள் நாடெங்கும் பரப்பப்பட்டன. 2016-ஆம் ஆண்டில் அவற்றைத் திருத்தி, ஒன்பது விதிகளாக வெளியிட்டார்கள். எங்கே செல்கிறாய் என்பதைப் பிறரிடம் சொல்லிவிட்டுச் செல்; வானிலை எச்சரிக்கையைக் கவனி; சிறு பயணமாயினும் புயலுக்கும் குளிருக்கும் ஆயத்தமாக இரு; உனக்கும் பிறர்க்கும் உதவக் கூடிய பொருள்களை எடுத்துச் செல் என்பன அவற்றுட் சில. எட்டாவது விதியே என் உள்ளத்தைத் தொட்டது. தக்க நேரத்தில் திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்பது அதன் கருத்து.

அவ்விதியின் பொருளை நான் நேரில் கண்டேன். என் மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு முதியவர் இருந்தார். அவரும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், எனக்கு மூத்தவர். ஐப்பசித் திங்களில் ஒரு நாள், உல்ரிக்கன் மலைக்கு என்னை அழைத்துச் சென்றார். வானம் தெளிவாக இருந்தது. மெல்ல ஏறிச் சென்றோம். உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் அரை மணி நேர நடைதான். அப்போது அவர் நின்றார். மேற்கே கடல் மீது ஒரு சாம்பல் நிறத் திரை எழுந்திருந்தது. அவர் காற்றின் திசையைக் கவனித்தார். தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், "இன்று இவ்வளவு போதும், ஐயா. மலை நாளைக்கும் இங்கேயே இருக்கும்" என்று சொல்லிவிட்டு, சற்றும் தயங்காமல் கீழ்நோக்கித் திரும்பினார்.

அந்த முதியவர் அம்மலையில் நூற்றுக்கணக்கான முறை ஏறியவர். உச்சியை அடைந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை அவருக்கும் இருந்திருக்கும். விருந்தினனுக்கு உச்சியைக் காட்டும் ஆசையும் இருந்திருக்கும். ஆயினும் திரும்பினார். நாங்கள் அடிவாரத்தை நெருங்குமுன் மலையுச்சி முகிலில் மறைந்துவிட்டது. கடுங்காற்றும் ஆலங்கட்டி மழையும் தொடங்கிவிட்டன. அவர் தம் முடிவைப் பற்றி ஒரு சொல்லும் பெருமை பேசவில்லை. தலையுறையை இழுத்து விட்டுக்கொண்டு, தம் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தார். முன்னேறுவதற்கு வேண்டிய துணிவைப் பற்றி நாம் மாணவர்களுக்கு நிறையச் சொல்கிறோம். திரும்புவதற்கும் ஒரு துணிவு வேண்டும். அதையும் பள்ளியில் சொல்லித் தரத்தான் வேண்டும்.

இனி, இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு என்பதைச் சொல்ல வேண்டும். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தவர் கில்பர்ட் வாக்கர் என்ற ஆங்கிலேயர். பருவமழை பொய்ப்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா என்று தேடிய அவர், பசிபிக் பகுதியில் காற்றழுத்தம் ஏறும்போது இந்துமாகடல் பகுதியில் இறங்குவதையும், அங்கே இறங்கும்போது இங்கே ஏறுவதையும் கண்டார். அதைத் தெற்கு அலைவு என்றார். ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்பது அப்போது விளங்கவில்லை. பல ஆண்டுகள் சென்றன. பெர்கனில் 21-ஆம் வயதில் வளிமுகங்களைக் கண்ட அதே யாக்கப் பியர்க்னஸ், பின்னர் அமெரிக்காவில் குடியேறி, எழுபது வயதைக் கடந்த நிலையில், 1969-ஆம் ஆண்டில் அதற்கு விளக்கம் தந்தார். பசிபிக் மாகடலின் நீர் வழக்கத்துக்கு மாறாக வெப்பமடையும் 'எல் நினோ' நிகழ்ச்சியும் தெற்கு அலைவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று காட்டினார். அதில் இயங்கும் காற்றுச் சுற்றோட்டத்துக்கு வாக்கரின் பெயரையே சூட்டினார்.

எல் நினோ ஆண்டுகளில் நம் நாட்டுத் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறைவதும், தமிழகத்துக்கு உரிய வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் மிகுவதும் இன்று வானிலையாளர் அறிந்த செய்தி. ஆக, ஐப்பசி அடைமழையைப் பற்றி நம் வானிலை அலுவலகம் முன்கூட்டிச் சொல்லும்போது, அதற்குப் பின்னால் நம் நாட்டுப் பஞ்சத்தைக் கண்டு தொடங்கிய ஒரு தேடலும், பெர்கன் நகரத்து மழையில் நனைந்து வளர்ந்த ஓர் அறிவும் கைகோத்து நிற்கின்றன. வானத்துக்கு எல்லைக் கோடு இல்லை. வானத்தைப் பற்றிய அறிவுக்கும் இல்லை.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை சொல்லி என் பேச்சை முடிக்கிறேன். ஆசிரியன் வேலை கொடுக்காமல் போவானா? ஒரு குறிப்பேடு வாங்கிக்கொள்ளுங்கள். நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில், வானத்தைப் பார்த்து மூன்று செய்திகளைக் குறியுங்கள்: காற்று எந்தத் திசை? முகில் எத்தகையது? நேற்று மழை பெய்ததா, எவ்வளவு? நேரான பக்கங்களும் தட்டையான அடியும் உடைய ஒரு கண்ணாடிக் குவளையைத் திறந்த வெளியில் வைத்து, அதில் நிற்கும் நீரின் உயரத்தை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்தால், அதுவே எளிய மழைமானி. மாலையில் வானொலி சொல்லும் முன்னறிவிப்பை அதன் பக்கத்தில் எழுதி, மறுநாள் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் ஆண்டு இதை விடாமல் செய்யுங்கள். நார்வேயின் கலங்கரை விளக்கக் காவலர் 1918-இல் செய்த வேலை இதைப் போன்றதுதான். அவர்கள் தனித்தனியே குறித்த சிறு குறிப்புகள் சேர்ந்தே பெரும் உண்மை ஒன்று வெளிப்பட்டது.

அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஒரு கேள்வியை எழுதி வையுங்கள்: 'இன்று புறப்படுமுன் நான் வானத்தைப் பார்த்தேனா?' அதற்கு நாள்தோறும் 'ஆம்' என்று எழுதக் கூடியவர்களாக நீங்கள் வளர வேண்டும் என்பதே என் விருப்பம்.